கேம் ஓடாத கம்ப்யூட்டரும் நாற்பதாயிரம் ரூபாய் கடனும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், வள்ளூர் குழு ஒன்றின் ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, தவணை, வங்கி இணைப்பு என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவோம். ஆனால் இன்று எங்களைப் பேசச் சொல்லியிருப்பது கம்ப்யூட்டர் கேம் பற்றி. சிரிக்காதீங்க. உங்க குழுவிலும் இந்தக் கதை வரும். சில குழுவில் ஏற்கெனவே வந்திருக்கும், தீர்மான நோட்டில் வேறு பெயரில் இருக்கும், அவ்வளவுதான்.

2025 ஏப்ரல் மாதக் கூட்டத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவர் 40,000 ரூபாய் உள்கடன் கேட்டார். காரணம் என்ன என்றோம். "பையனுக்கு கம்ப்யூட்டர்க்கா, படிப்புக்கு" என்றார். பையன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. நியாயம்தான் என்று நாங்களும் 'கல்விக்கடன்' என்று நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டோம். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தர், "படிப்புக்கா, கேமுக்கா? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உங்க வீட்ல சத்தம் கேக்குதே" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், இவர் அழ ஆரம்பித்துவிட்டார். "புள்ள ரெண்டு நாளா சரியா சாப்பிடலக்கா. பழைய லேப்டாப்ல எதுவும் ஓடலன்னு சொவத்துல முட்டிக்கறான். நான் என்னா பண்றது?"

எங்கள் குழுவில் 14 பேர். அந்த மாதம் கையில் இருந்த தொகையில் 40,000 ஒருவருக்குப் போனால், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஃபீஸுக்குக் கேட்டிருந்த இரண்டு பேருக்கு இல்லை. அதனால் முடிவு எதுவும் எழுதாமல், முதலில் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பினோம்.

அது அவர் மூத்த மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசு லேப்டாப். உங்களில் பலர் வீட்டிலும் அது இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான் அந்தத் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். மகளுக்கு 2012இல் கிடைத்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்தில் அது நம் வீட்டுக்குப் பெரிய பொருள். துணி போட்டு மூடி, பொட்டு வைத்து, பீரோவில் வைத்தவர்கள் நாம்.

பையன் முதலில் எங்களிடம் பேசவே இல்லை. "பெரிம்மா, உங்களுக்கு சொன்னா புரியாது" என்றான். புரிகிற மாதிரி நீ காட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். அவன் ஓட வைக்கப் பார்ப்பது 'ஜிடிஏ 5' என்ற கேம். திறக்கவே பன்னிரண்டு நிமிடம் ஆனது, நாங்கள் கடிகாரம் பார்த்தோம். திறந்த பிறகு மழையில் கரைந்த கோலம் மாதிரி ஒரு படம். ஆள் ஒரு அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்கு நாம் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். உள்ளே ஃபேன் கிரைண்டர் மாதிரி கத்துகிறது. லேப்டாப் சூடு தாங்காமல் டேபிள் ஃபேனைத் திருப்பி அதன் மேல் வைத்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தபோது எங்களுக்கே பாவமாக இருந்தது. கூடப் படிக்கிற பையன்கள் எல்லாம் அந்த விளையாட்டைப் பற்றியே பேசுகிறார்களாம். இவன் மட்டும் வாய் மூடி நிற்கிறான். நம் காலத்தில் தெருவில் ஒரே வீட்டில் டிவி இருந்தபோது நாம் ஜன்னலில் நின்று பார்த்தோமே, அதே ஏக்கம்தான்.

ஏன் ஓடவில்லை? இதை அவனே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். நாங்கள் சமையல்கட்டு பாஷையில் மாற்றிச் சொல்கிறோம். ஹார்ட் டிஸ்க் என்பது பரண், எல்லாச் சாமானும் அங்கே இருக்கும். ராம் என்பது சமையல் மேடை, இப்போது வேண்டியதை மட்டும் எடுத்து வைக்கிற இடம். மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பரண் ஏறி இறங்க வேண்டும். 2 ஜிபி மேடையில் விண்டோஸே பெரிய பங்கைப் பிடித்துக்கொள்கிறது. மீதியில் கேம் எங்கே உட்காரும்?

இன்னொன்று கிராபிக்ஸ். அதுதான் கோலம் போடுகிற கை. அந்த லேப்டாப் திரையில் குறுக்கே 1366 புள்ளி, மேலிருந்து கீழே 768 வரிசை. பெருக்கினால் 10 லட்சத்து 49 ஆயிரம் புள்ளி. கேம் தடங்கலில்லாமல் ஓட வேண்டுமானால் அத்தனை புள்ளிக் கோலத்தையும் ஒரு நொடிக்கு 30 தடவை அழித்து அழித்துப் போட வேண்டும். இன்னும் நன்றாக ஓட 60 தடவை. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் அதற்கென்றே ஒரு கை, அதற்கென்றே தனி மேடை இருக்கும். நம் பழைய லேப்டாப்பில் தனி மேடை கிடையாது, அந்த 2 ஜிபியிலேயே பங்கு கேட்கும். பையன்கள் திரையை 800க்கு 600 என்று குறைத்து வைப்பது இதனால்தான். புள்ளி 4 லட்சத்து 80 ஆயிரமாக, பாதிக்கும் கீழே இறங்கிவிடும். படம் கரைந்து தெரிவதும் அதனால்தான்.

கேம்களும் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகின்றன. 2003இல் கம்ப்யூட்டருக்கு வந்த 'வைஸ் சிட்டி' கேமுக்கு 128 எம்பி ராம் போதும், ஹார்ட் டிஸ்கில் 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். 2005இல் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' 256 எம்பி ராம் கேட்டது. அதே கம்பெனியின் 'ஜிடிஏ 5' 2015இல் வந்தபோது குறைந்தது 4 ஜிபி ராம், 1 ஜிபி உள்ள தனி கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்கில் 65 ஜிபி இடம் கேட்டது. பத்து வருஷத்தில் ராம் மட்டும் 16 மடங்கு. நம் அரசு லேப்டாப் படிப்புக்கும் டைப் அடிக்கவும் கொடுத்தது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. புது கேம் எழுதுகிறவர்களும் வள்ளூரில் இருக்கிற லேப்டாப்பைப் பார்த்து எழுதுவதில்லை.

இனிதான் எங்களுக்கு வயிறு எரிந்த விஷயம். ஓடாத கேமை எப்படியாவது ஓட்ட வேண்டுமென்று, "65 ஜிபி கேம் வெறும் 300 எம்பியில்" என்று எங்கேயோ போட்டிருந்ததை இறக்கியிருக்கிறான். அதை ஏற்றும்போது "ஆன்டிவைரஸை நிறுத்து" என்று வந்திருக்கிறது. இவனும் நிறுத்திவிட்டான். மறுநாள் அக்கா கல்யாண போட்டோ ஒன்றும் திறக்கவில்லை. அதே லேப்டாப்பில்தான் எங்கள் குழுவின் மூன்று வருஷக் கணக்கை அந்த மகள் எக்செல்லில் போட்டு வைத்திருந்தாள். அதுவும் போச்சு. அம்மாவுக்கு அன்றைக்கு வரை தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பையன் ரெண்டு நாள் சாப்பிடாததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, பேரேடும் தனிநபர் பாஸ்புக்கும் கையால் எழுதியே வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் இருக்கிறதே, நோட்டு எதற்கு என்று கேட்டவர்களில் நாங்களும் உண்டு. இனிமேல் கேட்க மாட்டோம்.

65 ஜிபி சாமான் 300 எம்பி பைக்குள் போகாது, சகோதரிகளே. உள்ளே வருவது கேம் இல்லை, திருடன். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிற எதையும் வீட்டு மெஷினில் ஏற்ற விடாதீர்கள்.

லேப்டாப்பைப் பக்கத்து டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போச்சு மேடம், புதுசு வாங்குங்க, 38,000 ஆகும்" என்றார்கள். அந்த அம்மா கேட்ட 40,000 எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. நாங்கள் விடவில்லை. ஒரு சனிக்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனோம். மூன்று கடையில் விசாரித்து, கண் முன்னால் கழற்றிக் காட்டுகிறேன் என்று சொன்னவரிடம் கொடுத்தோம்.

கழற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரும்மா?" ஃபேனுக்குப் பக்கத்தில் சூடு வெளியே போகிற வழி முழுக்க சாம்பல் நிறத் தூசு, கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது. நாம் தினமும் மாடியில் பெருக்குகிறோமே, கொடியில் காயப்போட்ட துணியில் உதறுகிறோமே, அதே தூசு. நம் நெஞ்சுக்குள் எவ்வளவு இருக்கோ என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டோம். அது வேறு கூட்டத்தில் பேச வேண்டியது. சூடு வெளியே போகாவிட்டால் கம்ப்யூட்டரின் மூளை எரிந்துபோகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். திறந்த கொஞ்ச நேரம் சுமாராக ஓடி, பிறகு ஆமையாவது இதனால்தான்.

தூசு எடுத்து, புது பேஸ்ட் தடவி, பழைய ராம் 4 ஜிபி ஒன்று, ஹார்ட் டிஸ்குக்குப் பதில் 240 ஜிபி எஸ்எஸ்டி, கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய் ஆனது. இது 2025 ஏப்ரல் விலை. அந்த வருஷக் கடைசியில் ராம் விலை மளமளவென்று ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் சிப்பை எல்லாம் வாங்கிக் குவிப்பதால்தான் என்கிறார்கள். அதனால் இன்று போனால் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த லேப்டாப் ஒரு நிமிடத்துக்குள் திறக்கிறது. பாலிடெக்னிக் பாடம், டைப் வேலை எல்லாம் நடக்கிறது. வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் தண்ணீர் மாதிரி ஓடுகின்றன. ஜிடிஏ 5? ஓடவில்லை. முன்னைவிட வேகமாகத் திறந்து, முன்னை மாதிரியே திக்குகிறது. அந்த லேப்டாப்பில் கோலம் போடுகிற கையை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. இதை அந்த ரிப்பேர்காரர் பையனிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ரயிலில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

குழுக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை. "பைக் வாங்க 60,000 கொடுத்தோம், அதுவும் பையன் ஊர் சுத்தத்தானே? கேம்னா மட்டும் ஏன் கசக்குது?" என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. விளையாடுவது குற்றமில்லை என்பதுதான் எங்கள் கருத்து. கேமுக்கு என்று கேட்டால் கேமுக்கு என்று எழுதி, எல்லோரும் பேசி முடிவு செய்யலாம். படிப்பு என்று எழுதக் கூடாது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 40,000 வாங்கி 20 மாதத் தவணை என்றால் முதல் மாதம் அசல் 2,000, வட்டி 400. அந்த அம்மா கேன்டீன் வேலைக்குப் போகிறவர். அதைக் கணக்குப் போட்டுக் காட்டியதும் அவரே 3,000 போதும் என்றார். பத்து மாதத்தில் கட்டி முடித்தார். ஜூனில் ஃபீஸ் கடன் இரண்டும் கொடுத்தோம்.

சில தாய்மார்கள் கேம் என்றதும் ரம்மிதான் என்று பயப்படுகிறார்கள். அது வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. இந்தப் பையன் ஆடுவது காசு வைத்து ஆடுவதில்லை. ஆனால் ஜிடிஏ மாதிரி கேம்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே வகைப்படுத்தப்பட்டவை. ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் பார்த்தால் என்ன ஏது என்று கேளுங்கள்.

கடன் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் இப்போது ஒரு வேலை செய்யச் சொல்கிறோம். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று அடித்தால் அந்த மெஷினில் எவ்வளவு ராம், என்ன கிராபிக்ஸ் என்று காட்டும். கேமின் குறைந்தபட்சத் தேவை என்னவென்று கேம்காரர்களே போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒரு பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வரச் சொல்கிறோம். பிள்ளையே எழுதிக்கொண்டு வரட்டும். வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு: மெத்தை மேல் லேப்டாப்பை வைக்காதீர்கள், அடியில்தான் காற்று போகிற வழி இருக்கிறது. ஈரத் துணி வேண்டாம். நிறுத்தி, வயரைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். நம்ம ஊரில் இதை மாதம் ஒருமுறை செய்தாலும் தகும்.

கடைசியாக ஒன்று. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதைப் பொதுவாக நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11 இந்தப் பழைய லேப்டாப்புக்கு ஒத்து வராது. அந்தப் பையனே லினக்ஸ் போட்டுவிட்டான். அரசு கொடுத்தபோது அதில் பாஸ் லினக்ஸும் இருந்தது, கேம் ஓடாது என்று அப்போது பிள்ளைகள் அதை அழித்தார்கள்! இப்போது அதே வழிக்கு வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் நண்பன் வீட்டுக்குப் போய் ஜிடிஏ ஆடிவிட்டு வருகிறான். வேலை கிடைத்ததும் கிராபிக்ஸ் கார்டு வாங்குவேன் என்கிறான். வாங்கட்டும். எங்கள் குழுக் கணக்கை, போனதற்குப் பதிலாக, பேரேட்டைப் பார்த்து முதல் பக்கத்திலிருந்து அவனே அடித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வருஷம் முடிந்திருக்கிறது. மாதாமாதம் ஒரு நகல் பென் டிரைவில் எங்கள் பிரதிநிதியிடம் இருக்கிறது. நோட்டும் இருக்கிறது.