அயல்நாட்டு வேலையும் பழைய துண்டும்

(போடிநாயக்கனூரில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விடியுமுன்னர் நம் ஊர்ச் சாலையில் ஜீப்புகள் வரிசையாய் நிற்பதை நாடோறும் காண்கின்றோம். கூலிக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் அவற்றில் நெருங்கியமர்ந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய இடங்களின் ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகின்றனர். ஒரு தோட்டத்தில் கூலி குறைந்தால் மறுநாள் வேறு தோட்டத்து ஜீப்பில் ஏறிக்கொள்ளலாம். இச்சுதந்தரத்தைச் சிறிதென்று எண்ணற்க. கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகளிற் பலருக்கு இது வாய்ப்பதில்லை. அதுபற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

வளைகுடா நாடுகளில் அயல்நாட்டுத் தொழிலாளிக்கு விசா கிடைப்பது, அவனுக்கு ஒரு முதலாளி பொறுப்பேற்பதனாலேயாம். இதனைக் கபாலா முறை என்பர். விசா தொழிலாளியின் பெயரில் இருப்பினும் அதன் உயிர் முதலாளியின் கையில் இருக்கின்றது. சொல்லாமல் வேலையை விட்டு விலகினால், அந்நாட்டில் தங்கும் உரிமைக்கே பங்கம் நேரும்.

தமிழருக்கு இது புதிதன்று. நம் நாட்டார் கங்காணிகளின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கிற்று. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளியை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுப்பது அது. வழிச்செலவு, முன்பணம் என்று ஏறிய கடனே காலில் விலங்காயிற்று. 1921-ம் வருஷத்தில் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

கபாலா முறையும் தளர்ந்து வருகின்றது. முதலாளியின் சம்மதமின்றியே வேலை மாறலாம் என்று 2020-ல் கத்தார் சட்டம் செய்தது. 2021-ல் சவூதி அரேபியாவும் சில நிபந்தனைகளுடன் அவ்வாறே இடங்கொடுத்தது. ஆயினும் வீட்டு வேலை செய்வோர் அச்சீர்திருத்தத்திற் சேர்க்கப்படவில்லை. சட்டம் தளர்ந்தாலும் கடன் தளர்வதில்லை என்பதே நாம் வற்புறுத்துவது.

நாமறிந்த மலையடிவாரக் குடும்பம் ஒன்று, தாயின் நகையையும் நிலத்தையும் அடகு வைத்து ஒரு தரகரிடம் பெருந்தொகை கொடுத்தது. கடை வேலை என்று சொல்லப்பட்ட பிள்ளைக்குப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பி வா என்று அழைக்கத் தாய்க்கு மனமிருந்தும், அடகுக் கடை வட்டி அவள் வாயை அடைத்தது. இரண்டு வருஷம் கழித்தே பிள்ளை வீடு சேர்ந்தான்.

நம் தேசத்தில் 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கின்றது. பதிவு பெற்ற ஏஜெண்டே ஆள் சேர்க்கலாம். அவர் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெறவேண்டும். அதனைத் தொல்லையென்று கருதிச் சுற்றுலா விசாவில் அனுப்புவோர், பிள்ளைக்குள்ள வேலியைத் தாமே பிடுங்குகின்றனர். பாஸ்போர்ட்டோ இந்திய அரசாங்கத்தின் உடைமை; அதைப் பறித்து வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமையில்லை.

ஆகவே சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். அயல்நாடு செல்வோரின் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்து விளக்க, விவரமறிந்த இருவரை நியமிக்க வேண்டும். ஏஜெண்டின் பதிவு எண்ணைச் சர்க்காரின் பட்டியலில் ஒத்துப் பார்த்துச் சொல்லவேண்டும். சட்டப்படியான கட்டணத்துக்கு மட்டும், சங்க நிதியிலிருந்து குறைந்த வட்டிக்குக் கடன் உதவ வேண்டும்.

ஏலக்காய் வாங்குவோர் மாதிரிக் காயைக் கையிலெடுத்து, நிறமும் பருமனும் பார்த்த பின்னரே விலை கேட்கின்றனர். ஒரு மூட்டைக் காய்க்குக் காட்டும் இவ்விழிப்பை, பெற்ற பிள்ளை கையெழுத்திடும் காகிதத்துக்கும் நாம் காட்டவேண்டாமா? போகும் பிள்ளைகள் பொருளீட்டி வருக. கடனாளியாகப் போகாதிருக்கச் செய்வது நம் கடமை.