கிணற்றுக்குள் இறங்கும் கயிறு



வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கிணறுதான் எல்லாம். சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டிய அந்தக் கிணற்றில் ஆள் விழுந்துவிட்டால் ஊரே கூடிவிடும். துணிந்த ஒருவர் நைலோன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கிவிடுவார். அவரை எப்படி மேலே எடுப்பது என்று அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை.

அதைக் கேட்கப் பழகியவர்தான் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர். அவர் முதலில் பார்ப்பது கயிற்றை எதில் கட்டுவது என்பதை. கப்பி தொங்கும் சீமெந்துத் தூணை நம்பமாட்டார். அது ஒரு வாளித் தண்ணீருக்காகக் கட்டியது. முதிர்ந்த பனையில் கட்டுவார். அல்லது தீயணைப்பு வண்டியை நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, திறப்பையும் கழற்றிவிட்டு அதில் கட்டுவார். கிணற்றுக்கட்டின் விளிம்பில் கயிறு உராயாமல் தடித்த துணி போடுவார். முதற்கயிறு அறுந்தால் தாங்குவதற்கு இரண்டாவது கயிறும் இறங்கும். இருவரின் பாரத்தை 272 கிலோ என்று வைத்து, அதன் 15 மடங்கைத் தாங்கும் கயிற்றையே எடுப்பது வழக்கம். கடையில் வாங்கிய மாட்டுக்கயிறு இதற்கு உதவாது.

அமெரிக்காவின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் இந்தக் கயிற்று மீட்புத் திறனை மூன்று படிகளாக வகுத்திருக்கிறது. முதற்படியில் உள்ளவர் ஆபத்தை அறிந்து, சனத்தை விலக்கி, உரியவர்களை அழைப்பார், தான் இறங்கமாட்டார். மேற்படிகளுக்குச் சித்தியெய்த, முடிச்சுப் போட்டு, பாரம் இறக்கி, ஏற்றிப் பரீட்சகர் முன் செய்துகாட்ட வேண்டும். கயிற்றில் தொங்கி வேலை செய்யும் தொழிலாளருக்கு ஐராட்டா என்னும் பன்னாட்டுச் சங்கம் தரும் சான்றிதழ்கூட மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அது மிகச் சரி என்பேன். பழகாத கை முடிச்சை மறந்துவிடும்.

இன்னொன்று, காற்று. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால் காபனோரொட்சைட்டு தேங்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கிணறு போன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவகம் 1986இல் எச்சரித்தது. அதனால் அடைபட்ட இடத்து மீட்புக்குத் தனித் தகைமையே உண்டு. ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் குறைந்தால் சுவாசக் கருவியில்லாமல் அந்தத் தகைமை பெற்றவர்கள் இறங்குவதில்லை.

இலங்கையில் தீயணைப்புச் சேவை உள்ளூராட்சி சபைகளின் கையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மாநகர சபையிடம். மின்னிணைப்பாளரிடம் என்.வி.கியூ. என்னும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கேட்கிறோம். கிணற்றுக்குள் நாங்கள் அனுப்பும் வீரருக்கும் அப்படியொரு சான்றிதழையும், அதைப் புதுப்பிக்கும் பரீட்சையையும், நல்ல கயிற்றையும் சபைகள் கொடுத்தேயாக வேண்டும். அதற்கான பயிற்சி மாடிக் கட்டடத்தில் மட்டுமல்ல, எங்கள் ஊர்க் கிணற்றிலும் நடக்க வேண்டும்.

நேயர்களே, கிணற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் தயவுசெய்து இரண்டாவது ஆளை இறக்காதீர்கள். 119ஐயும் 1990 அம்புலன்ஸையும் அழையுங்கள். உங்கள் பகுதித் தீயணைப்புப் பிரிவின் இலக்கத்தை இன்றைக்கே கேட்டுக் கிணற்றடியில் எழுதி வையுங்கள்.