ஒரு வீட்டின் இரு எழுத்தாளர்



எழுத்தாளனுக்கும் அவன் பிறந்த மண்ணுக்கும் உள்ள உறவு யாது? ஊரிலே தங்கி ஊரைப் பற்றி எழுதியவன்தான் ஊருக்கு உரியவனா? கடல் கடந்து வேற்று மொழியில் எழுதியவனை நம்மவன் என்று கொள்ளலாமா? இவ்வினாக்களுக்கு விடை தேட நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. அச்சுவேலியில் ஒரே குடும்பத்தைச் சார்ந்த இருவரின் வாழ்வை நோக்கினாற் போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம்பிமுத்துப்பிள்ளை என்னும் தமிழறிஞர் அச்சுவேலியில் அச்சுக்கூடம் ஒன்றை நடத்தினார். 1875ஆம் ஆண்டு மானிப்பாயிற் பிறந்து, இளமையிலே தந்தையை இழந்த வைத்திலிங்கம் என்னும் சிறுவன், தாயின் மறுமணத்தால் அவருடைய வளர்ப்பு மகனானான். அச்சிறுவனே பின்னாளில் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் எனப் புகழ் பெற்றார். அவருடைய 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928இல் அச்சுவேலியிலேயே அச்சாகி வெளிவந்தது. அவர் தம் நாட்டை நேசித்தார். ஆயினும் நாட்டைப் பற்றி வழங்கிய பழங்கதைகளை ஆராயாது ஏற்றாரல்லர். மண்பற்று என்பது புகழ்பாடுதல் அன்று, உண்மை காணுதல் என்பதே அந்நூல் புகட்டும் பாடம்.

தம்பிமுத்துப்பிள்ளையின் பேரனோ வேறு வழி சென்றார். 1915இற் பிறந்த கவிஞர் தம்பிமுத்து, 1938இல் இலண்டன் சென்று, மறு ஆண்டே 'பொயற்றி இலண்டன்' என்னும் கவிதை ஏட்டைத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று. போர்க்காலத்து இலண்டனில், குண்டுவீச்சுக்கும் கடதாசித் தட்டுப்பாட்டுக்கும் இடையே, இளங்கவிஞர் பலரை அவர் உலகுக்கு அறிமுகஞ் செய்தார். கத்லீன் ரெயினின் முதற் கவிதைத் தொகுதி 1943இல் அவர் பதிப்பாகவே வெளிவந்தது. ரி. எஸ். எலியட்டின் அறுபதாம் பிறந்த நாளுக்கு 1948இல் அவர் படைத்த கவிதைக்கு இட்ட பெயர் 'நடராஜா' என்பதாம். 1983இல் அவர் இலண்டனிலே காலமானார்.

இன்று நம் மாணவரிடம் இவர் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர். அவர் எழுதியது ஆங்கிலத்தில். வாழ்ந்தது அந்நிய நகரில். எனவே, ஞானப்பிரகாசருக்கு உள்ள இடம் நம் ஊரார் மனத்தில் அவருக்கு இல்லை. இது வியப்பன்று. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தம்முடைய கவிதைகளினும் பிறர் கவிதைகளை அச்சேற்றியதனாலேயே தம்பிமுத்து பெரிதும் நினைக்கப்படுகின்றார். பிறர் எழுத்துக்கு இடங்கொடுக்கும் அப்பண்பு, பாட்டனாரின் அச்சுக்கூடத்தில் விளைந்த பண்பன்றோ? ஒருவர் மண்ணின் வரலாற்றைச் சுமந்தார். மற்றவர் அவ்வீட்டின் தொழிலைச் சுமந்து சென்றார். இருவரும் நம்மவரே.

எழுத்தாளன் ஊரை மறவாதிருக்க வேண்டும் என்கின்றோம். ஊர் எழுத்தாளனை மறவாதிருப்பது யார் பொறுப்பு? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது கிடைத்தற்கரிய நூல்கள் பல சாம்பராயின. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் வீடுகளில் இருந்தனவும் அழிந்தன. எஞ்சிய பழைய பிரதிகள் இன்னும் சில வீடுகளின் பெட்டகங்களிற் கிடக்கக்கூடும். கறையான் அரிக்குமுன் அவற்றை எடுத்து நூலகங்களிற் சேர்ப்போமாக. தம்பிமுத்துவின் கவிதைகளையும் தமிழாக்கி நம் பிள்ளைகளின் கையிற் கொடுப்போமாக. அப்பொழுதே ஊருக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு இருபக்கமும் நிறைவுறும்.