அடுப்படியில் ஒரு துறவி



ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்தில் முழந்தாளிட்டுக் கண்ணீரோடு செபிக்கிறவர், திங்கட்கிழமை விடியுமுன் ஜோகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்கிறார். அப்போது அவர் மனத்தில் இருப்பது வேலைக்குத் தாமதமாகிவிடுமோ என்ற பயம்தான். கடவுள் தேவாலயத்திலேயே தங்கிவிட்டார், அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் பலருடைய வாரம் ஓடிவிடுகிறது. இதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஓடுகிறவரிடம் போய், "தினமும் இன்னும் இரண்டு மணி நேரம் செபம் செய்யுங்கள்" என்றால் அவர் அந்த நேரத்துக்கு எங்கே போவார்?

இந்தச் சிக்கலுக்கு, 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்த ஒருவர் வாழ்ந்து காட்டிய விடை உண்டு. அவர் பெயர் நிக்கோலா எர்மான். 1614 வாக்கில் பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் பிறந்தவர். இளம் வயதில் போர்வீரராக இருந்தார். பிறகு ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஏவலாளாக இருந்து, கைக்கு வந்ததையெல்லாம் உடைத்தாராம்! 1640இல் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். குருவாக அல்ல, உடலுழைப்பைச் செய்யும் சாதாரணத் துறவியாக. அங்கே அவருக்குக் கிடைத்த பெயர்தான் சகோதரர் லாரன்ஸ்.

மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை சமையல். அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. இதைக் கவனிக்க வேண்டும். சமையலை விரும்பிச் செய்த ஒருவர் அடுப்படியில் ஆண்டவரைக் கண்டார் என்றால் அதில் பெரிய வியப்பில்லை. பிடிக்காத வேலையை, ஏறத்தாழ 15 ஆண்டுகள், கூப்பிடும் குரல்களுக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் நடுவே செய்தவர் அவர். கோயிலில் முழந்தாளிடும் நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் தமக்கு வேறுபாடே இல்லை என்று சொல்லும் நிலைக்கு அவர் வந்தார்.

எப்படி வந்தார்? வேலையைத் தொடங்குமுன் ஆண்டவரிடம் சிறிதாக ஒரு வேண்டுதல். வேலைக்கு நடுவே, கூட இருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் இரண்டொரு சொல். முடித்ததும், நன்றாக அமைந்திருந்தால் நன்றி. சரியில்லை என்றால் மன்னிப்பு. அவ்வளவுதான். தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதைக்கூட இறைவன்மேல் வைத்த அன்புக்காகச் செய்யலாம் என்பது அவருடைய எண்ணம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் முதல் பத்து ஆண்டுகள் தாம் மிகவும் தவித்ததாக அவரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். மனம் ஓடிவிடும். மணிக்கணக்கில் கடவுள் ஞாபகமே வராது. தம்முடைய பாவங்கள்தான் கண்முன் நிற்கும். கடைசியில் அவர் பிடித்துக்கொண்ட வழி, மறந்தது தெரிந்தவுடன் திரும்பிவிடுவது. 'இப்படி மறந்துவிட்டேனே' என்று தம்மையே அடித்துக்கொண்டு அரை நாளைக் கழிக்கவில்லை. தவற்றை ஒப்புக்கொண்டார், விட்ட இடத்தில் தொடங்கினார்.

இன்று சில கூட்டங்களில் மெய்சிலிர்ப்பையே இறைப்பிரசன்னம் என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து அந்தச் சிலிர்ப்பு அடங்கியதும், ஆண்டவர் தன்னைக் கைவிட்டார் என்று சோர்ந்துபோகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். உணர்ச்சி வராத நாளிலும் திரும்பி வந்து நின்றவர் அவர்.

"கடவுளை நினைத்துக்கொண்டிருந்தால் வேலை கெட்டுப்போகாதா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்க லாரன்ஸை பர்கண்டிக்கு அனுப்பினார்கள். அவருக்கு வியாபாரம் தெரியாது. ஒரு கால் வேறு ஊனம். படகில் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் இடம்விட்டு இடம் போக முடிந்தது. 'ஆண்டவரே, இது உம்முடைய காரியம்' என்று ஒப்படைத்துவிட்டுக் கவலையின்றிப் போனார். காரியம் நன்றாகவே முடிந்தது. கவலைக்குப் போகும் கவனம் வேலைக்குக் கிடைத்தால் வேலை ஏன் கெடப்போகிறது?

அவர் புத்தகம் எழுத உட்கார்ந்தவர் அல்லர். 1691இல் அவர் இறந்த பிறகு, அவரோடு பேசிப் பழகிய குருவான ஜோசப் த போஃபோர் அந்த உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்து 1692இலும் 1694இலும் வெளியிட்டார். கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் இன்றுவரை வாசிக்கிறார்கள்.

அந்தக் கடிதங்களில் ஒன்றில் ஒரு போர்வீரரைப் பற்றிய பேச்சு வருகிறது. லாரன்ஸும் போர்க்களத்தை அறிந்தவர். நீண்ட செபங்களை அவர் அந்த வீரருக்குச் சொல்லவில்லை. கையில் வாளோடு அணிவகுத்துப் போகும்போதே ஒரு நொடி உள்ளத்தை உயர்த்தினால் போதும், அதை வேறு யாரும் பார்க்கப் போவதுமில்லை என்கிறார். பாலத்து வரிசையில் பச்சை விளக்குக்குக் காத்திருக்கும் நேரம் அதைவிட அதிகம்.