நண்டும் சிண்டுமாக ஒரு நாள் உல்லாசம்

(மாசாயில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, தொழிலாளத் தோழர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக் கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே!

சம்பளம், போனஸ், வீடு என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று நாம் பேச வந்திருப்பது விளையாட்டுப் பூங்காவைப் பற்றி. நண்டும் சிண்டுமாக உள்ள பிள்ளைகளை அழைத்துக் கொண்டு லெகோலேண்ட் போன்ற இடத்துக்குப் போவதென்றால் எப்படித் திட்டமிடுவது, எதில் ஏமாறாமல் இருப்பது என்பதுதான் விஷயம். "தொழிலாளர் கூட்டத்தில் ராட்டினத்தைப் பற்றிப் பேச்சா?" என்று பெரியவர்கள் சிலர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம். பேச்சு முடியுமுன் இதுவும் சம்பளப் பேச்சுத்தான் என்று விளங்கும்.

நம் பெற்றோர் காலத்தை நினைத்துப் பாருங்கள். இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போனார்கள். கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டார்கள். பால் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிப் போயிருக்கும். பிள்ளையோடு விளையாட அவர்களுக்கு மனமில்லாமல் இல்லை, நேரமில்லை. தீபாவளி, தைப்பூசம், தோட்டத்துக் கோயில் திருவிழா, இவைதான் அவர்களுக்குக் கிடைத்த உல்லாசம்.

பூங்காக்கள் அப்போதும் இருந்தன. 1923இல் சிங்கப்பூரில் நியூ வொர்ல்ட் திறந்தது. 1930களில் கிரேட் வொர்ல்டும் ஹேப்பி வொர்ல்டும் வந்தன. 1924இல் கடற்பாலம் திறந்த பிறகு ஜோகூர்க்காரருக்கு அங்கே போக வழியும் பிறந்தது. வழி பிறந்ததே தவிர, தோட்டத்துப் பாட்டாளிக்குப் போக நாளும் காசும் சுலபத்தில் பிறக்கவில்லை. அந்தப் பூங்காக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு இன்று பெயரளவில் நிற்கின்றன.

இன்றோ நிலைமை வேறு. மாசாயைச் சுற்றி ரப்பர் மரம் நின்ற மண்ணில் தாமான்கள் எழுந்து விட்டன. பால் வெட்டியவர் பிள்ளைகள் பாசீர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். சிலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு ஓடுகிறார்கள். ஜோகூர் பாருவுக்கு மேற்கே, இன்று இஸ்கந்தர் புத்ரி என்று வழங்கும் ஊரில், 2012 செப்டம்பர் 15இல் லெகோலேண்ட் திறந்தது. டென்மார்க்கில் பில்லுண்டு என்னும் ஊரில் 1968இல் தொடங்கிய பூங்காவின் வாரிசு அது. ஆசியாவில் அதுவே முதலாவது. 2013இல் நீர்ப் பூங்காவும் அதன் பக்கத்தில் சேர்ந்தது. பிள்ளைகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் அதைப் பார்த்து விட்டு, "அப்பா, எப்போது போவோம்?" என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயந்தானே?

லீவு யார் கொடுக்கும் பிச்சை?

முதற் கேள்வி பணமல்ல, நாள். "லீவு கேட்டால் மேனேஜர் முகத்தைச் சுளிப்பார்" என்று பயந்தே பல குடும்பங்கள் வருஷத்தை ஓட்டி விடுகின்றன. தோழர்களே, வருஷ லீவு யாரும் மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? ஒரே முதலாளியிடம் ஒரு வருஷம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 8 நாள். 2 வருஷம் முடிந்து 5 வருஷம் நிரம்பாதவருக்கு 12 நாள். 5 வருஷமும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு 16 நாள். இது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. கூட்டு ஒப்பந்தம் உள்ள இடத்தில் கூடுதலாக இருக்கலாம், விசாரித்துக் கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தின் உச்ச வரம்பும் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது.

ஆனால் உரிமை உள்ளவன் முறையோடு கேட்க வேண்டும். ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள், அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நிற்பதும், உடம்புக்கு ஒன்றுமில்லாமல் எம்சி வாங்குவதும் வேண்டாம். அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் வருஷத்து வேலை நாட்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வராமல் நின்றால் அந்த வருஷ லீவு உரிமையே போய்விடும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பிள்ளைக்குச் சந்தோஷம் தேடப் போய் வேலைக்கு வினை தேடிக் கொள்ளலாமா?

எந்த நாள் என்பதிலும் யோசனை வேண்டும். ஜோகூரில் 2014 முதல் 2024 முடிய வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 ஜனவரி முதல் சனியும் ஞாயிறும் என்று மாறி விட்டது. விளைவு என்ன? இப்போது நமக்கும் சிங்கப்பூர்க்காரருக்கும் கோலாலம்பூர்க்காரருக்கும் விடுமுறை ஒரே நாளில் விழுகிறது. கூட்டமும் ஒரே நாளில் கூடுகிறது. இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்பது உல்லாசமல்ல, தண்டனை. ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு வார நடுவில் ஓய்வு நாள் வந்தால் அலுத்துக் கொள்கிறார்கள். இந்த ஒரு காரியத்துக்கு அந்த நாள்தான் தங்கமான நாள். பள்ளி விடுமுறையில், சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை உட்பட, போகாமல் இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும். இன்னும் பள்ளிக்குப் போகாத பிள்ளை உள்ள வீட்டுக்கு இது பெரிய வசதி. ஆனால் சில பூங்காக்கள் வார நாளில் பூட்டி இருப்பதும் உண்டு. புத்ரி ஹார்பரில் இருந்த ஹலோ கிட்டி டவுன் 2019 இறுதியோடு மூடியே விட்டது. ஆகவே, போகுமுன் திறந்திருக்கிறதா என்று பார்த்து விட்டுப் புறப்படுங்கள்.

கூலியும் சீட்டும்

இனி பணம். 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. இத்தகைய பூங்காவில் வாசலில் நின்று வாங்கும் ஒரு பெரியவர் சீட்டு, பல நாள் கூலியைத் தின்று விடும். ஆகவே, அவசரப்படுபவனுக்குத்தான் செலவு அதிகம். முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் விலை குறையும். மலேசியர்களுக்குத் தனி விலை அறிவிக்கும் காலமும் உண்டு. அடையாளக் கார்டை மறக்க வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் கவனியுங்கள். லெகோலேண்டில் 3 வயது நிரம்பாத பிள்ளைக்குச் சீட்டு வேண்டியதில்லை. சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸில் 4 வயது நிரம்பாத பிள்ளைக்கு வேண்டியதில்லை. பிறந்த நாள் வருமுன் போனால் ஒரு சீட்டு மிச்சம். ஆனால் சிங்கப்பூர் போவதென்றால் கைப்பிள்ளைக்கும் பாஸ்போர்ட் வேண்டும், கடற்பாலத்து நெரிசலையும் தாண்ட வேண்டும். முதற் பயணத்தை ஜோகூருக்குள் வைத்துக் கொள்வதே புத்தி.

வாரம் 10 வெள்ளி உண்டியலில் போட்டால் 50 வாரத்தில் 500 வெள்ளி. அந்தப் பணம் சேர்ந்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். பக்கத்து வீட்டார் போய்ப் படம் போட்டார்கள் என்பதற்காக ஆலோங்கிடம் கை நீட்டாதீர்கள்! பிள்ளை மறந்து விடும் ஒரு நாளுக்காக, வட்டி மறக்காத பல மாதங்களை விலைக்கு வாங்காதீர்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பிள்ளையின் உயரமும் தூக்கமும்

சீட்டு வாங்குமுன் பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்து பாருங்கள். இது விளையாட்டுப் பேச்சல்ல. வேகமான வண்டிகளில் ஏற உயர வரம்பு வைத்திருக்கிறார்கள், 100 சென்டிமீட்டர் ஆகாத பிள்ளைக்குப் பலவற்றில் இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, நல்ல வளர்ச்சியுள்ள பிள்ளை சராசரியாக 2 வயதில் 87, 3 வயதில் 96, 4 வயதில் 103 சென்டிமீட்டர் இருக்கும். அப்படியானால் பொருள் என்ன? 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்காகப் பெரிய வண்டிகளை நினைத்துக் கொண்டு போவது வீண். அதற்குக் கிடைப்பது சிறு பிள்ளைகள் பகுதி, மெதுவாகச் சுற்றும் வண்டி, கட்டிகளை அடுக்கும் இடம், செங்கற் கட்டிகளால் கட்டிய இரட்டைக் கோபுரத்தையும் தாஜ்மகாலையும் வேடிக்கை பார்க்கும் இடம். அதற்கு அதுவே போதும், அதற்கு மேல் வேண்டியதில்லை. உயரத்தைக் கூட்டிச் சொல்லியோ, காலணிக்குள் துணி வைத்தோ ஏற்ற முயலாதீர்கள். அந்தக் கோடு உயிரைக் காக்கப் போட்ட கோடு. பயந்து அழுகிற பிள்ளையை, "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று வற்புறுத்தி ஏற்றுவதும் கூடாது.

அடுத்தது நேரம். நமது மாசாய் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வடக்கே கிடக்கிறது. பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் வெளியிலுள்ள வண்டிகளை நிறுத்தி விடுவார்கள். ஆகவே, விடிந்ததும் பசியாறி விட்டுக் கிளம்பி, கதவு திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் பிள்ளைக்குப் பிடித்த மூன்று இடங்களை முடியுங்கள். உச்சி வெயிலில் நிழலிலோ குளிர்சாதன அறையிலோ பிள்ளையைத் தூங்க விடுங்கள். மாலையில் தெம்பிருந்தால் தண்ணீர் விளையாட்டு, இல்லாவிட்டால் வீடு. "காசு கொடுத்தோமே, பூட்டும் வரை இருந்து விடுவோம்" என்று இழுத்துப் பிடித்தால், காலையில் சிரித்த பிள்ளை மாலையில் காய்ச்சலோடு திரும்பும்.

பையில் என்ன இருக்க வேண்டும்? தண்ணீர், தொப்பி, மாற்றுத் துணி இரண்டு ஜோடி, மழைச் சட்டை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், நீருக்கென்று உள்ள டயப்பர். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாத இடங்களிலும் குழந்தைப் பாலையும் குழந்தைச் சாப்பாட்டையும் பொதுவாகத் தடுப்பதில்லை. பிள்ளையின் கையில் கொப்புளமோ வாயில் புண்ணோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கை கால் வாய் நோய் ஒரு பிள்ளையிடமிருந்து பத்துப் பிள்ளைக்குப் போகும்.

பிள்ளைகளுக்குக் கண்ணைப் பறிக்கும் ஒரே நிறச் சட்டை போடுங்கள். கைப்பேசி எண்ணை மணிக்கட்டில் மை கொண்டு எழுதி விடுங்கள். தண்ணீரருகே ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று பொறுப்பைப் பிரியுங்கள். எல்லோரும் பார்த்துக் கொள்வார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். முழங்கால் அளவுத் தண்ணீர் கூடப் பச்சைப் பிள்ளைக்கு ஆழந்தான். காரில் போகிறவர்களுக்கு இன்னொன்று: 2020 ஜனவரி முதல் சிறு பிள்ளைகளுக்கான தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக் கொண்டால் போதும் என்பது பழைய நினைப்பு.

தாய்க்கும் அது லீவு நாளா?

ஆண் தோழர்களைப் பார்த்து ஒரு வார்த்தை. நாலு மணிக்கு எழுந்து நாசி லெமாக் கட்டுவது யார்? பிள்ளையைக் குளிப்பாட்டி, துணி அடுக்கி, பால் கலக்குவது யார்? அங்கே போன பின்பும் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு நிழல் தேடி நிற்பது யார்? நாம் வண்டியில் ஏறிக் கூச்சலிடுகிறோம், அவர் பையைக் காவல் காக்கிறார். திரும்பி வந்ததும் ஈரத் துணியைத் துவைப்பவரும் அவரே. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய நாம், வீட்டுக்குள் பதினெட்டு மணி நேர வேலை வாங்கலாமா? பையைத் தகப்பன் சுமக்கட்டும். ஒருவர் பிள்ளையை வைத்திருக்க மற்றவர் ஏறி வரட்டும், பிறகு மாறிக் கொள்ளட்டும். பாட்டியை அழைத்துப் போவது பிள்ளை பார்க்கும் ஆளாக அல்ல. ஐம்பது வருஷம் மரம் வெட்டிய அந்தக் கைகளுக்கு ஒரு நாள் ஓய்வும் ஒரு ஐஸ்கிரீமும் கொடுக்க என்று நினைத்து அழைத்துப் போங்கள்.

இவ்வளவும் முடியாத குடும்பம் உண்டா? உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1928இல் தொடங்கி, புதுப்பிக்கப்பட்டு 2024இல் மீண்டும் திறந்த ஜோகூர் மிருகக்காட்சிசாலை இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்குச் செங்கல் யானையை விட உயிருள்ள யானைதான் பெரிய அதிசயம். பாசீர் கூடாங்கில் பட்டத் திருவிழாவால் பேர் பெற்ற குன்று இருக்கிறது, ஒரு பட்டமும் காற்றும் போதும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் அந்தச் செலவும் பங்காகும்.

தோழர்களே! இரண்டு வயதில் போன இடம் பிள்ளைக்கு நினைவில் நிற்காது என்பது உண்மை. ஆனால் அன்று முழுவதும் அப்பாவும் அம்மாவும் அவசரமில்லாமல் தன் பக்கத்தில் இருந்தார்கள் என்ற நிறைவு அதன் உடம்பில் ஊறும். சம்பளத்தோடு லீவு நாட்களைச் சட்டம் நமக்கு எழுதி வைத்திருக்கிறது. அவற்றைக் கேட்காமல் விடுவது சிக்கனமல்ல, நஷ்டம். இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள்: எத்தனை நாள் லீவு மிச்சம் என்று பாருங்கள், உண்டியலில் முதல் 10 வெள்ளியைப் போடுங்கள், பிள்ளையைச் சுவரில் அளந்து ஒரு கோடு கிழியுங்கள்.