பன்னிரண்டுக்குள் அடங்காதவர்



இந்தப் பட்டமளிப்பு மேடைக்கு வருகிறவர்கள் தங்கள் வெற்றிக் கதையைச் சொல்வது வழக்கம். நான் பாட்டுக் கேட்டு, அதைப் பற்றி எழுதிப் பிழைப்பவன். சொல்லிக்கொள்ள அப்படியொன்றும் இல்லை. அதனால் ஒரே ஒரு ஆல்பத்தைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பெயர் 'தி ஹீலர்', 1989-இல் வெளிவந்தது. பாடியவர் ஜான் லீ ஹூக்கர், மிசிசிப்பியில் பிறந்த ப்ளூஸ் கலைஞர். அப்போதே எழுபதைக் கடந்தவர். உடன் வாசித்தவர்கள் கார்லோஸ் சந்தானா, பானி ரெய்ட், ராபர்ட் க்ரே, ஜார்ஜ் தரோகுட், லாஸ் லோபோஸ் என்று ஒரு பெரிய கூட்டம்.

பெரியவரை நடுவில் உட்காரவைத்து இளையவர்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ளும் வேலைதானே என்று நீங்கள் நினைக்கலாம். பல கூட்டு ஆல்பங்கள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. இது ஏன் அப்படி ஆகவில்லை என்று பார்ப்பதற்கு ஹூக்கரின் காலடியிலிருந்து தொடங்க வேண்டும்.

1948-இல் டெட்ராய்ட் நகரில் 'பூகி சில்லன்' பாட்டைப் பதிவு செய்தபோது ட்ரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ஒரு கிதார், ஒரு குரல், பலகையின் மேல் தட்டும் கால். அந்தத் தட்டலையும் மைக் வைத்துப் பிடித்தார்கள். மறு ஆண்டு அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஆனாலும் கையில் காசு தங்கவில்லை. ஒரு கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே டெக்சாஸ் ஸ்லிம், டெல்டா ஜான், பர்மிங்காம் சாம் என்று வெவ்வேறு பெயர்களில் மற்ற கம்பெனிகளுக்கும் பாடிக்கொடுத்தார். ஜான் லீ புக்கர் என்று கூட ஒரு பெயர். ஓர் எழுத்தை மாற்றினால் ஆள் தெரியாது என்று நினைத்தார்கள் போலும். குரல் முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ப்ளூஸ் பாட்டுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கணக்கு. மூன்று கார்டு (சுரக்கூட்டு), குறித்த இடத்தில் மாற்றம். கிதார் கற்கிற யாரும் முதலில் படிப்பது இதைத்தான். ஹூக்கர் இந்தக் கணக்குக்கு அடங்குபவர் அல்ல. ஒரே கார்டில் முழுப் பாட்டையும் ஓட்டுவார். சொல்ல வேண்டியது முடிந்தால் பதினொன்றரையிலேயே திரும்பிவிடுவார், முடியாவிட்டால் பதின்மூன்றைத் தாண்டியும் நிற்பார். இந்தப் பாணி தன் மாற்றாந்தந்தை வில் மூரிடமிருந்து வந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டை ஒழுங்காக எண்ணுகிற வாத்தியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் சரியாக வாசித்துத் தவறான இடத்தில் நிற்பார்.

அவரைத் தொடரத் தெரிந்த ஓர் இளைஞர் இருந்தார்: ஆலன் வில்சன், 'கேன்ட் ஹீட்' குழுவின் ஹார்மோனிகாக் கலைஞர், 1943-இல் பிறந்தவர். இவரைப் பற்றி ஒரு செய்தி எனக்கு இன்றும் வியப்பு. சன் ஹவுஸ் என்ற மூத்த ப்ளூஸ் கலைஞர் நெடுங்காலம் இசையை விட்டு விலகி இருந்தார். 1964-இல் ரசிகர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது தன் பழைய பாட்டுகளை எப்படி வாசித்தோம் என்பதே அவருக்கு மறந்திருந்தது. அவற்றை அவருக்குத் திரும்ப வாசித்துக் காட்டியவர் இந்த வில்சன். பழைய இசைத்தட்டுகளை அப்படிக் கரைத்துக் குடித்திருந்தார். அறுபதைத் தாண்டிய ஆசானுக்கு அவருடைய சொந்தப் பாட்டையே இருபத்தொரு வயதுப் பையன் சொல்லிக்கொடுத்திருக்கிறான்!

1970-இல் கேன்ட் ஹீட் குழு ஹூக்கருடன் 'ஹூக்கர் அண்ட் ஹீட்' ஆல்பத்தைப் பதிவு செய்தது. முதலில் அவர் தனியாக, பிறகு வில்சனுடன், கடைசியில் முழுக் குழுவுடன் என்று வளர்கிற இரட்டை இசைத்தட்டு. அவர் எங்கே திரும்புவார் என்பது வில்சனுக்கு அவர் திரும்பும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஹூக்கர் வாழ்க்கையில் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் ஏறிய முதல் தட்டும் அதுதான். அது வெளிவரும் முன்பே, அந்த ஆண்டு செப்டம்பரில், வில்சன் இறந்துவிட்டார். வயது 27.

நம் ஊரில் பெரியவர்கள் காலில் விழுவதை மரியாதை என்கிறோம். எனக்கு அதில் சண்டை இல்லை. ஹூக்கரோடு வாசித்தவர்கள் காட்டிய மரியாதை வேறு மாதிரி: அவர் காலைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். நாளை நீங்கள் சேரப்போகும் அலுவலகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ பதினொன்றரையில் திரும்புகிற ஒரு மூத்தவர் கட்டாயம் இருப்பார். அவருக்குக் கணக்கு தெரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அவர் இதுவரை செய்த வேலையைத் தேடிப் படித்துப் பாருங்கள். படித்த பிறகும் அவருக்குக் கணக்கு தெரியாது என்று தோன்றினால், அதுவும் நடக்கும்தான், தாராளமாகச் சண்டை போடுங்கள்.

'தி ஹீலர்' ஆல்பத்துக்கு வருகிறேன். தயாரித்த ராய் ராஜர்ஸ் வெளி ஆள் அல்ல. எண்பதுகளில் ஹூக்கரின் குழுவிலேயே ஸ்லைடு கிதார் வாசித்தவர். வந்தவர்களில் ரெய்ட், தரோகுட், க்ரே மூவரும் 'பூகி சில்லன்' வந்தபோது பிறந்திருக்கவே இல்லை. தரோகுட் எடுத்துக்கொண்ட 'சாலி மே' அந்தப் பாட்டு வந்த இசைத்தட்டின் மறுபக்கப் பாட்டு! சந்தானாவுடன் வரும் தலைப்புப் பாட்டைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் ஹூக்கர் தன் வீட்டிலேயே விருந்தாளி போலத் தோன்றுகிறார். நான் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டாவது பாட்டு, 'ஐ'ம் இன் தி மூட்'. 1951-இல் இதே பாட்டைப் பதிவு செய்தபோது தயாரிப்பாளர் ஹூக்கரின் குரல் மேலேயே அவர் குரலை மறுபடி ஏற்றினார். தனி ஆள் தன்னோடு தானே பாடினார். 1989-இல் அந்த இன்னொரு குரலின் இடத்தில் பானி ரெய்ட் வந்து நிற்கிறார். குரலை உயர்த்திக் காட்ட அவருக்கு எத்தனையோ இடம் கிடைக்கிறது. எடுத்துக்கொள்ளவில்லை. ஹூக்கர் முனகினால் முனகுகிறார், நிறுத்தினால் காத்திருக்கிறார். 1990-இல் அந்தப் பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது, ஹூக்கருக்கு அதுவே முதல் கிராமி.

ஹூக்கரின் பங்கையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த அரங்கில் மூத்தவர்களும் நிறைய இருக்கிறீர்கள். அவர் யாருக்காகவும் பன்னிரண்டுக்குத் திரும்பவில்லை. ஆனால் வந்தவர்களைத் தன் நகலாக மாறவும் சொல்லவில்லை. க்ரே க்ரேயாகவே வாசிக்கிறார், லாஸ் லோபோஸ் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் வாசனையோடுதான் வருகிறார்கள். கடைசி மூன்று பாட்டுகளுக்கு வரும்போது அந்தப் பிரபலங்கள் யாரும் இல்லை, பெரியவர் தன் போக்கில் பாடி முடிக்கிறார். அதன் பிறகும் 1991-இல் 'மிஸ்டர் லக்கி' என்று இன்னொரு கூட்டத்தைக் கூட்டினார். 2001-இல் மறையும்வரை ஆள் சேர்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அங்கிக்குக் கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்கும் வரிசை எவ்வளவு நீளம் என்று உள்ளே வரும்போதே பார்த்தேன். வாழ்த்துகள், போய் வாருங்கள்.