பச்சிளங் குழந்தையும் முதற் கமராவும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக மலையேறிச் செல்லும் பாதை, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தை நெருங்குமிடத்தில் டயகம தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிர்மலை மறைந்துபோகும்; லயத்துக் காம்பராக்களில் பகலிலேயே விளக்கேற்ற வேண்டியிருக்கும். அத்தகைய காம்பரா ஒன்றிலே, வைத்தியசாலையிலிருந்து வந்து சில நாட்களே ஆன ஒரு குழந்தை தாயின் மடியில் உறங்குகிறது. மாமன் முறையான ஒருவர் தம் கைத்தொலைபேசியை நீட்டிப் படமெடுக்கிறார். படத்திலே மஞ்சள் விளக்கும் கம்பளியும் தெரிகின்றன. குழந்தையின் முகந்தான் தெரியவில்லை.

இதே குடும்பத்தின் பாட்டனார் காலத்துத் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தால் வேறொரு காட்சி கிடைக்கக்கூடும். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் கணக்கிட்டது. அந்தக் கணக்குக்காகக் கடவுச்சீட்டுக்கு எடுத்த படமே மலையகத்தில் பல குடும்பங்களுக்கு முதற்படம். கைக்குழந்தைகூட அதிலே விறைத்து நேரே பார்க்கிறது. அலுவலகம் கேட்டதற்காக அன்றி, பிள்ளை பிறந்த மகிழ்ச்சிக்காக எடுக்கும் படம் என்பது அவர்களுக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது. ஆகவே, டயகமவில் ஓர் இளைஞனோ யுவதியோ பிறந்த குழந்தைகளைப் படமெடுப்பதைத் தொழிலாகக் கொள்ள விரும்பினால், அதனை வெறும் நாகரிக மோகம் என்று ஒதுக்குவதற்கில்லை.

ஆனால் கையிலிருக்கும் பணம் சிறிது. 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயென நிர்ணயிக்கப்பட்டது. அந்த வருமானத்திலே சீட்டுப் பிடித்தோ தாயின் தோட்டை அடகு வைத்தோ கமரா வாங்குகிறவர், கடையிலே பளபளப்பாக இருக்கும் பொருளை வாங்கிவிட்டு வேண்டிய பொருளுக்குப் பணமின்றி நிற்பது பெரிய பரிதாபம். அவர் முதலிலே தெளிந்துகொள்ள வேண்டியது ஒன்று: குழந்தைப் படத்துக்குப் பணத்தைக் கமராவின் உடலிலே கொட்டலாகாது, வில்லையிலே இடவேண்டும். ஒளியை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. அது வாசலிலே இருக்கிறது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. டயகமவுக்கு அப்பால், அதே நுவரெலியா மாவட்டத்திலே, பொகவந்தலாவைத் தேவாலயக் கல்லறையில் ஜூலியா மார்கரட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி துயில்கிறார். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்தக் கமரனின் மனைவி இவர். 1863ஆம் ஆண்டு டிசம்பரில், தமது நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவே இவருடைய முதற் கமரா. அப்போது வைட் தீவில் வாழ்ந்த இவர், நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைக் கண்ணாடி வேய்ந்த படக்கூடமாக்கினார். 1865இல் உறங்கும் தம் பேரப்பிள்ளையைப் படமெடுத்தார். பேரன் இரண்டு வயது கடந்தவன். எனினும் விழித்திருக்கும் பிள்ளையை எடுத்தல் அக்காலத்தில் எளிதன்று. ஈரத் தட்டிலே படம் பதிய நிமிடக் கணக்காகும். 1875இல் இலங்கைக்கு வந்த இவர், 1879 ஜனவரியில் டிக்கோயாவில் காலமானார். படங்கள் தெளிவற்றவை என்று அக்காலத்து விமரிசகர் பலர் குறை கூறினர். ஆயினும் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவை போற்றப்படுகின்றன. கோழிக்கூட்டுக்குள் புகுந்த வெளிச்சம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இன்றைய கமராவுக்கு நிமிடங்கள் தேவையில்லை. வினாடியின் 125இல் ஒரு பங்கு போதும். ஆனால் அந்த நொடிக்குள் போதிய ஒளியை உள்ளே விடவேண்டுமே, அங்கேதான் வில்லையின் சிறப்பு விளங்கும். கமராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண வில்லை, 18 முதல் 55 மில்லிமீற்றர் வரை நீண்டு சுருங்குவது. அதனை 55க்கு நீட்டினால் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறவாது. எஃப் 1.8 வரை திறக்கும் வில்லையோ அதனைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். மங்கலான காம்பராவிலே இந்தப் பத்து மடங்கு ஒளி, குழந்தையின் முகம் தெரிவதற்கும் தெரியாமற் போவதற்கும் உள்ள வேறுபாடு. குழந்தைக்கு வலிக்காத, அதன் உறக்கத்தைக் கலைக்காத வெளிச்சமும் அதுவே.

நீண்டு சுருங்காத ஒற்றைக் குவியத்தூர வில்லைகளில் 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லையே பொதுவாக மிகவும் மலிவானது. கனொன் கமராவுக்கு 2015இல் வந்த எஸ்.ரி.எம். வகையைப் பழைய பொருளாகவும் வாங்கலாம். நிக்கொன் கமரா வைத்திருப்போருக்கு 2009இல் வெளிவந்த 35 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லை இன்னும் பொருத்தமானது. ஏன் பொருத்தம் என்பதற்குக் கணக்குண்டு. லயத்துக் காம்பரா ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலும் கட்டிலும் அலுமாரியும் போக எஞ்சுவது சிறிது. தொடக்க நிலைக் கனொனில் 50 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தித் தாயையும் மடியிலுள்ள பிள்ளையையும் ஒரு மீற்றர் உயரத்துக்குப் படத்தில் அடக்குவதானால், படமெடுப்பவர் ஏழரை அடி பின்வாங்க வேண்டும். முதுகு சுவரில் இடித்துவிடும். நிக்கொனில் 35 மில்லிமீற்றரானால் ஐந்தடி போதும். குழந்தையை மட்டும் எடுப்பதானால் 50 மில்லிமீற்றருக்கும் நான்கடிதான் வேண்டும். அதனால் அதுவும் வீண்போகாது. கனொன்காரர் பின்னர் பணம் சேர்ந்ததும் 24 மில்லிமீற்றர், எஃப் 2.8 தட்டை வில்லையைத் தேடலாம்.

நிக்கொன் வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டீ மூவாயிரம், டீ ஐயாயிரம் வரிசைக் கமராக்களின் உடலுக்குள், வில்லையைக் குவியப்படுத்தும் மோட்டார் இல்லை. பழைய 50 மில்லிமீற்றர் ‘டீ’ வகை வில்லை மலிவென்று வாங்கினால், கையினால் திருகித்தான் குவியப்படுத்த வேண்டும். சிணுங்கும் குழந்தைக்கு முன் திருகிக்கொண்டிருக்க அவகாசம் ஏது? பெயரிலே ‘ஏ.எஃப்.எஸ்.’ என்னும் எழுத்துக்கள் உள்ள வில்லையைக் கேட்டு வாங்குக.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கண்ணாடியற்ற புதுவகைக் கமராக்கள் பரவியபின், கண்ணாடியுள்ள டீ.எஸ்.எல்.ஆர். கமராக்கள் ஒருவர் கைப்பட்டவையாக நிறையக் கிடைக்கின்றன. 2016இல் வந்த கனொன் 1300டீயோ நிக்கொன் டீ3400ஓ தொடக்கத்துக்குத் தாராளம். முன்னது 18 மெகாபிக்சல், பின்னது 24. பதினெட்டே அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வீதம் பதினேழு அங்குல நீளப் படத்துக்கு இடங்கொடுக்கும். அத்தனை பெரிய படத்தை லயத்துச் சுவரிலே மாட்ட யார் கேட்கப் போகிறார்கள்? மெகாபிக்சல் எண்ணிக்கையைச் சொல்லி விற்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். கைத்தொலைபேசி மட்டுமே உள்ளவரும் மனந்தளர வேண்டாம். வாசலோரத்து ஒளியிலே ஆறு மாதம் அதனைக் கொண்டே பழகியபின் கமரா வாங்குகிறவர், எது தமக்குக் குறைகிறது என்பதைத் தெரிந்து வாங்குவார்.

பழைய வில்லை வாங்கும்போது கையில் ஒரு டோர்ச் விளக்கு வேண்டும். பின்புறமிருந்து வெளிச்சத்தைச் செலுத்திப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் படர்ந்திருப்பது தெரியும். அத்தகையது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். டயகமவின் ஈரக்காற்றிலே நல்ல வில்லையும் பூஞ்சணம் பிடிக்கும் என்பதே இவ்விடத்துப் பெருங்கவலை. தோற்பையில் வைத்து அலுமாரியிலே பூட்டிவைப்பது, பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக்கொடுப்பதற்கு ஒப்பாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியிலே சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்து, நனைந்த பொதிகளை அவ்வப்போது மாற்றவேண்டும். அரிசியிலே புதைத்து வைப்போரும் உளர். அதன் தூசி வில்லைக்குள் புகும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் கமராவை உடனே எடுக்காமல், அரைமணி நேரமாவது பைக்குள்ளேயே விட்டால் வில்லையிலே நீர்படியாது.

மின்னல் விளக்கு, அதாவது பிளாஷ், முதலாண்டில் வேண்டாம். பட்டணத்துப் படக்காரர் அதனை வெண்மையான உட்கூரையிலே பாய்ச்சித் திரும்பும் ஒளியில் படமெடுப்பர். லயத்திலோ மேலே இருப்பது புகை படிந்த தகரம். பாய்ந்த ஒளி திரும்பி வராது. அதற்குப் பதிலாக, இஸ்தோப்புப் பக்கத்துக் கதவைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு, தாயைக் கதவுக்குப் பக்கவாட்டில் அமர்த்துக. மறுபக்கத்தில் வெளுத்த வெள்ளை வேட்டி ஒன்றை ஒருவர் விரித்துப் பிடித்தால், முகத்தின் நிழற்பகுதியும் மெல்லத் துலங்கும். நீலமோ பச்சையோ பூசிய சுவருக்கு அருகே பிள்ளையைக் கிடத்தினால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும். துவாரத்தை முழுமையாகத் திறக்காமல் எஃப் 2.8 அளவில் வைப்பது நலம், எஃப் 1.8இல் மூக்கு தெளிந்து காது கரைந்துவிடும்.

இந்த ஒளியிலே இன்னொரு பயனும் உண்டு. பகல் வெளிச்சத்தில் குழந்தையின் தோலும் கண்வெள்ளையும் மஞ்சளாகத் தோன்றினால், அதனைக் கமராவின் நிறச் சீராக்கலால் மறைத்துவிடாமல், மிஸியிடம் காட்டும்படி தாய்க்குச் சொல்வது படமெடுப்பவரின் கடமை.

இனி, குழந்தையின் நலம். மேனாட்டுப் படங்களிலே குழந்தைகள் பூச்சட்டியிலும் கூடையிலும் துணியின்றிச் சுருண்டு கிடப்பதைக் காண்கிறவர், அவ்வாறே எடுக்க ஆசைப்படுவர். அந்தப் படக்கூடங்கள் சூடேற்றப்பட்டவை. பிரசவ அறையே 25 பாகை செல்சியசுக்குக் குறையலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறும்போது, டயகமவின் குளிரிலே பிள்ளையின் கம்பளியைக் களைவது எவ்வாறு தகும்? அறையைச் சூடாக்கக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவை மூடுவது அதனினும் கொடியது. அந்த நச்சுக் காற்றுக்கு மணமில்லை. கையிலே மோவாயை ஊன்றித் தவளைபோல் அமர்ந்திருக்கும் குழந்தைப் படமோ, பொதுவாகப் பெரியவரின் கை தலையையும் மணிக்கட்டையும் மாறிமாறித் தாங்க எடுத்த இரு படங்களை இணைத்துச் செய்வது. அதனை உண்மையென நம்பிச் செய்து பார்க்கலாகாது. குழந்தைக்கு மேலாகக் குனிந்து எடுக்கும்போது கமராவின் வார் கழுத்திலோ மணிக்கட்டிலோ எப்போதும் இருக்கவேண்டும். பிடி நழுவினால் வீழ்வது இரும்புக்கு ஒப்பான பாரம்.

முப்பது கழியும்வரை படமெடுக்கலாகாது, கண்பட்டுவிடும் என்று பாட்டிமார் மறுப்பதும் உண்டு. அதனோடு வாதாடிப் பயனில்லை, வேண்டியதுமில்லை. முதல் இரு வாரத்துக் குழந்தையே நன்றாக உறங்கும் என்பது உண்மையாயினும், ஒரு மாதப் பிள்ளை விழிதிறந்து தாயின் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையை எந்தப் பூச்சட்டியும் தந்துவிடாது. கன்னத்திலிட்ட மைப்பொட்டையும் கணினியில் அழித்துவிட வேண்டாம். அது பாட்டியின் கைவேலை. பெற்றோரின் சம்மதமின்றிப் படத்தை முகநூலில் இடுவதும் முறையன்று.

எடுத்த படத்தை அன்றைக்கே வேறோரிடத்தில் பிரதி செய்து வைக்கவேண்டும். நினைவட்டை ஒன்று பழுதானால் அந்த நாளை மறுபடி எடுக்க முடியாது. பின்னர், தொலைபேசிக்கு அனுப்பியதோடு நில்லாமல், அஞ்சலட்டை அளவிலாவது ஒரு படத்தைத் தாளிலே அச்சிட்டு உறையிலிட்டுக் கொடுக்கவேண்டும். தொலைபேசி இரண்டு மூன்று ஆண்டுகளிலே மாறிவிடும். தகரப் பெட்டி மாறாது. உறையின்மேல் பிறந்த நாள், படமெடுத்த நாள், தோட்டம், டிவிசன், தாய் தந்தையர் பெயர் ஆகியவற்றை எழுதி, பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாயின் அதற்கு மட்டும் ஒரு வரி இடம் விட்டுக் கொடுக்கலாம்.